சரிவு வீட்டு வண்டி

தம்பி வந்து இறங்கும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. தோளில் தொங்கிய கருவிப் பையை வாசலில் தொம்மென்று போட்டான். குடையைக்கூட மடக்காமல், "எங்கேக்கா அந்தக் கிழட்டுப் பிசாசு?" என்று கேட்டான்.

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் துண்டை எடுத்து நீட்டினாள். "தலையைத் துவட்டிக்கோ. ஷெட்டுலதான் இருக்கு. எங்கேயும் ஓடிப் போயிடாது."

அதுவும் அந்த வீட்டில் சொல்லக்கூடாத சொல்தான். தம்பி குடையை மடக்கினான்.

தெருவே சரிவு. வீடு அந்தச் சரிவின் தலைமாட்டில் இருந்தது. ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும் சரளைக்கல் போட்ட பாதை சறுக்குமரம் மாதிரி இறங்கும். ஷெட்டுக்குள் அவள் கணவருடைய வண்டி. அவருக்கும் முன்னால் அவர் அப்பாவுடைய வண்டி. சாம்பல் நிறம், தவளைக் கண் விளக்குகள். கதவைச் சாத்தினால் இரும்பு பீரோவைச் சாத்துகிற சத்தம் வரும். கைபிரேக், இந்தக் காலத்து வண்டிகளில் இருப்பதுபோல நடுவில் இல்லாமல், ஓட்டுபவரின் இருக்கைக்கும் கதவுக்கும் இடையில் இருக்கும். கண்ணாடியில் ஆவி படிகிறது என்று, மழையானாலும் சரி, அவர் தன் பக்கத்து ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார். ஒரு பக்கத்துச் சட்டைக் கை எப்போதும் நனைந்தே வீட்டுக்கு வரும்.

சென்ற மழைக்காலத்தில், ஒரு காலை, வேலைக்குக் கிளம்பினார். வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துச் சரிவில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்துவிட்டு, கேட்டைத் திறக்க இறங்கி நடந்தார். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்ப மக்கர் பண்ணும். பாதி வழியில் வண்டி தானாக உருள ஆரம்பித்தது. விலகி நின்று பார்த்திருக்கலாம். அவர் விலகுகிற ஆள் இல்லை. கூடவே ஓடி, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, கைபிரேக்கை இன்னும் மேலே, இன்னும் மேலே என்று இழுத்திருக்கிறார். கேபிள் முனையைவிட்டு உருவிக்கொண்டது. கேட் தூணுக்கும் வண்டிக் கதவுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டார்.

சமையலறையில் நின்றிருந்தவள் காதில் இரண்டு சத்தங்கள் விழுந்தன. அவர் இடது ஷூவின் அடி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஓடும்போது அது தரையில் அடிக்கிற சப், சப், சப். கைபிரேக் ஒவ்வொரு பல்லாக ஏறுகிற கடக், கடக், கடக். அந்த ஷூவை ஒட்டச் சொல்லி ஒரு வாரமாக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவதாக வந்த சத்தத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

வண்டியை விற்றுத் தொலை என்று எல்லோரும் சொன்னார்கள், மகளைத் தவிர. மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவள். "அந்த வண்டி எனக்கு வேணும்மா. நான் வந்து ஓட்டிட்டுப் போறேன். மத்ததெல்லாம் நீயே வச்சுக்கோ," என்று போனில் பிடிவாதம் பிடித்தாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்ல உயிர் வரவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்: "நம்ம வீட்டுச் சரிவுல, கைபிரேக்கை மட்டும் நம்பி வண்டி நிக்கணும். என் கண்ணால பாக்கணும். நின்னாத்தான் சாவி."

மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். கேபிளோ எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அதற்குத்தான் தம்பி.

*

தம்பிக்கு லிஃப்ட் மாட்டுகிற, பழுது பார்க்கிற வேலை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"ஊரையே ஏத்தி இறக்குற கயிறு மாட்டுறவன் நான்," என்றான், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு. "இது என்னக்கா, பென்சில் தடிமன்கூட இல்ல. நீ சோத்தை வை. சூடு ஆறுறதுக்குள்ள முடிச்சுட்டு வரேன்."

கைபிரேக் கேபிளில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. உள்ளே முறுக்கிய எஃகுக் கம்பி. அதன்மேல் பாம்புச் சட்டை மாதிரி ஓர் உறை. இரண்டு முனைகளிலும், நிப்பிள் என்று சொல்கிற பித்தளைக் குண்டு. கம்பியின் நுனியைக் குண்டுக்குள் நுழைத்து, ஈயத்தை உருக்கி ஊற்றி இறுக்கவேண்டும். ஒரு முனை கைபிரேக்கில் மாட்டும். மறுமுனை அடிவயிற்றுப் பக்கமாகப் போய்ப் பின்சக்கரங்களைப் பிடிக்கும்.

பழைய கேபிளை நீட்டி வைத்து, அதே நீளத்துக்குப் புதிய கம்பியை வெட்டினான். ஈயம் உருகுகிற வாடை ஷெட்டில் சூழ்ந்தது. மாட்டிவிட்டு கைபிரேக்கை இழுத்தான். அது கடைசிப் பல் வரைக்கும் ஏறியது. ஜாக்கியில் தூக்கியிருந்த பின்சக்கரமோ, கையால் தள்ளியதும், யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல விச்ராந்தியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பழசு வருஷக்கணக்கா இழுபட்டு நீண்டுபோயிருக்கு. அந்த நீளத்துக்கே வெட்டித் தொலைச்சிருக்கேன்," என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மறுபடி ஒரு கம்பி. இந்த முறை அளவு கச்சிதம். இரண்டு முனையிலும் குண்டு வைத்து, ஈயம் ஊற்றி, அரம் போட்டு மழுக்கி, துணியால் துடைத்து, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். "எப்படி?"

"நல்லாதான் இருக்கு," என்றாள் அவள். அவள் கையில் உறை இருந்தது. பிடித்துக்கொள் என்று அவன்தான் கொடுத்திருந்தான். "இதை எப்போ மாட்டுவே?"

தம்பி கேபிளைப் பார்த்தான். உறையைப் பார்த்தான். இரண்டு முனையிலும் குண்டு வைத்தாகிவிட்டது. இனி உறை எந்தப் பக்கமாகவும் நுழையாது.

குறடு பறந்துபோய்ச் சுவரில் பட்டு விழுந்தது.

"சோறு ஆறுது," என்றாள்.

"ஆறட்டும்! கெட்டுப் போகட்டும்! கொண்டுபோய்க் காக்காய்க்குப் போடு!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு. அது அடங்குவதற்குள், வண்டியின் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி பாதி இறங்கியிருப்பதைக் கவனித்தாள்.

"கண்ணாடியை இறக்கினியா?"

"நான் எதுக்கு இறக்குறேன்? நான் அடியிலதானே கிடந்தேன்," என்று எரிந்து விழுந்தான்.

கைப்பிடியைச் சுற்றி அவளே கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பழைய கண்ணாடி. இற்றுப்போன ரப்பர். தானாக இறங்கியிருக்கும்.

சாயங்காலத்துக்குள் அடுத்த கேபிள் தயாரானது. வண்டியைச் சரிவில் இறக்கி, கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு முன்னால் வைத்திருந்த மரக்கட்டையை எடுத்தார்கள். நாலைந்து பல்லிலேயே சக்கரம் இறுகிக்கொண்டது. வண்டி நின்றது. அவளுக்கு நெஞ்சு லேசானது. உடனே அதே நெஞ்சு கனத்தது. இனி மகளுக்குச் சாவியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

வண்டியை மறுபடி ஷெட்டில் ஏற்றி, கட்டைகளை வைத்து, கேபிள் ஓய்வெடுக்கட்டும் என்று கைபிரேக்கைக் கீழே இறக்கிவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, ஷெட் கதவைப் பூட்டினான் தம்பி. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

*

காலையில் தம்பி போட்ட கூச்சலில் அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

கைபிரேக் கடைசிப் பல்லில் நின்றுகொண்டிருந்தது. கேபிள் குண்டைவிட்டு உருவிக்கொண்டு, வண்டிக்கு அடியில் செத்த புழுவாகத் தொங்கியது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி முழுதாக இறங்கியிருந்தது. இருக்கையின் ஓரத்தில் தோல் ஈரமாக இருந்தது.

ஷெட்டின் கூரை ஒழுகவில்லை.

"அக்கா," என்றான் தம்பி, மெதுவாக. "உனக்குப் புள்ளை இந்த வண்டியை எடுத்துட்டுப் போறது பிடிக்கலைன்னா, வாயைத் திறந்து சொல்லிடு. நான் மூட்டையைக் கட்டிட்டுக் கிளம்பறேன். இப்படி ராவோட ராவா வந்து இழுத்து அறுக்க வேண்டாம்."

"என்னது? நானா?"

"பின்னே? சாவி ஆணியில தொங்குது. வீட்டுல இருக்கறது நீயும் நானும். நான் செஞ்சதை நானே அறுத்துக்க எனக்கென்ன பைத்தியமா?"

"ஏண்டா, பாட்டில் மூடியைத் திறக்கவே உன்னைக் கூப்பிடறவ நான். இந்த இரும்புக் கயிறை இழுத்துப் பிடுங்கிப் போட்டேங்கிறியா?"

"கோவம் வந்தா உனக்கு எங்கேயிருந்துதான் பலம் வருமோ. சின்ன வயசுல என் காதைத் திருகினவதானே நீ."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழாமல் உள்ளே போய்ப் பாத்திரங்களை உடைகிற மாதிரி கழுவினாள். போதாததற்கு மகளும் போன் பண்ணினாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அம்மா, நீ ஏதும் பண்ணலையே?" என்றாள்.

"ஆமா. எனக்கு வேற வேலை இல்ல பாரு," என்று போனை வைத்தாள்.

தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னொரு கேபிள் செய்தான். இந்தத் தடவை ஈயத்தை இரண்டு மடங்கு ஊற்றினான். ஷெட்டைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டு, பையைப் பொத்தானால் மூடிக்கொண்டான்.

"காலையில ரெண்டு பேரும் சேர்ந்தே போய்த் திறக்கலாம்," என்றான். "யாரு மேலயும் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்."

"பேஷாப் போகலாம்," என்றாள்.

*

விடிந்தும் விடியாத வெளிச்சம். மழை ஓயவில்லை. அவர் வேலைக்குக் கிளம்புகிற நேரம் அது என்பது பூட்டைத் திறக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கண்ணாடி மேலே. கைபிரேக் கீழே.

"பாத்தியா?" என்றான் தம்பி, வெற்றிச் சிரிப்போடு. "சாவி என்கிட்ட இருந்தா..."

கதவின் உட்புறத்தில் கண்ணாடியை இறக்குகிற கைப்பிடி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

யாரும் தொடவில்லை.

கண்ணாடி கீச்சென்று முனகிக்கொண்டு இறங்கியது. கூடவே வாடை. நனைந்த கம்பளித்துணி வாடை, அதற்கு அடியில் கிரீஸ் போகக் கை கழுவுகிற சோப்பின் கசப்பு வாடை. அந்த சோப்பை அவள் வருஷக்கணக்காகக் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறாள். அவர் போன பிறகு வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு அந்தச் சத்தம்.

சப். சப். சப்.

ஓடுகிற சத்தம். ஆனால் எங்கும் போகாத ஓட்டம். வண்டிக் கதவுக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில், அவர்களுக்கு எட்டுகிற தூரத்தில், யாரோ சரளைக்கல்மேல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஷெட்டின் தரை சிமென்ட்.

கதவின் வெளிப்பக்கத்தில், ஒருவர் மார்பை அழுத்திச் சாய்ந்தால் படிகிற அகலத்துக்கு, ஈரம் படர்ந்தது. நீர்த்துளிகள் ஜன்னல் விளிம்பைத் தாண்டி இருக்கைமேல் விழுந்தன.

கடக்.

கைபிரேக் ஒரு பல் ஏறியது.

கடக். கடக்.

"அத்தான்," என்றான் தம்பி.

கடக். கடக். கடக்.

வண்டிக்கு அடியில் கேபிள் நரம்பு புடைப்பதுபோல விறைத்தது. பின்சக்கரங்கள் இறுகின. அதற்கு மேல் இழுக்க எதுவும் இல்லை. வண்டி கட்டைகளுக்கு நடுவே அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஆனால் ஓட்டம் நிற்கவில்லை, வேகம்தான் கூடியது. சப்சப்சப்சப். கைபிரேக் இன்னும் மேலே, இன்னும் மேலே போயிற்று.

டப்.

குண்டு தெறித்துப்போய்ச் சுவரில் மோதியது.

அதோடு எல்லாம் அடங்கியது. வாடை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். அவளும் உட்கார்ந்திருப்பாள், கோபம் மட்டும் வராமல் இருந்திருந்தால். பயத்தை இடித்துத் தள்ளிவிட்டு அந்தக் கோபம் வந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் மட்டுமே படக்கூடிய கோபம்.

"எத்தனை தடவைதாங்க அறுப்பீங்க?" என்று காலி ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "ரெண்டு நாளா அவன் கை வெந்து கிடக்கான். நான் அறுத்தேன்னு அவன் என்னைச் சொல்றான். என் பொண்ணும் சொல்றா. வண்டி நின்னுக்கிட்டுத்தானே இருக்கு? இன்னும் எதுக்கு இழுக்கறீங்க?"

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. அவருக்கு வண்டி இன்னும் உருண்டுகொண்டே இருக்கிறது. ஒரு வருஷமாக, ஒவ்வொரு காலையும், அவர் அதன் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறார். கேபிள் இல்லாத காலத்தில் பிடித்து இழுக்கவும் ஒன்றும் இல்லாமல் ஓடியிருக்கிறார்.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

*

"அந்தப் பழைய குண்டு இருக்கா?" என்று தம்பி கேட்டது மதியத்துக்கு மேல்தான். ஊருக்குக் கிளம்பிவிடுவான் என்று நினைத்திருந்தாள். அவன் கிளம்பவில்லை.

ஆணி டப்பாவில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள். விபத்தன்று வண்டியில் இருந்த கேபிளின் குண்டு. வெளிச்சத்தில் பிடித்து அதன் துளைக்குள் பார்த்தான்.

"இதை யாருக்கா மாட்டினது?"

"அவரேதான். கடைக்குக் கொடுத்தா அவருக்குத் தூக்கம் வராதே."

தம்பி தான் செய்து தெறித்துப்போன குண்டை அதன் பக்கத்தில் வைத்தான். இரண்டு துளைகளும் ஒரே மாதிரி வழவழவென்று, கம்பி உருவிய தடத்தோடு இருந்தன.

"கம்பியோட நுனியைப் பிரிச்சு, பூ மாதிரி விரிச்சு, மடக்கிவிட்டு, அதுக்கு மேலதான் ஈயம் ஊத்தணும். அப்போதான் உள்ளே மாட்டிக்கிட்டு நிக்கும். நேராச் சொருகினா, ஈயம் எவ்வளவு ஊத்தினாலும் ஒரு அளவுக்கு மேல இழுத்தா உருவிக்கும். லிஃப்ட் கயித்துக்கு நாங்க அப்படி விரிக்காம கிட்டயே போகமாட்டோம்." குண்டை உள்ளங்கையில் உருட்டினான். "இது சின்னக் கம்பிதானே, இதுக்கு எதுக்கு அவ்வளவு மெனக்கெடணும்னு விட்டுட்டேன். அத்தானும் அதைத்தான் நினைச்சிருக்காரு."

இரண்டு குண்டுகளையும் ஆணி டப்பாவில் போட்டு மூடினான்.

"திருப்பித் திருப்பி அதே கேபிளை அவர் கையில கொடுத்திருக்கேன்க்கா," என்றான்.

அன்றைக்கு முழுக்க அவன் அவசரப்படவில்லை, திட்டவில்லை, எதையும் தூக்கி எறியவில்லை. ஒவ்வோர் இழையாகப் பிரித்து விரித்தான். உறையை முதலில் மாட்டச் சொல்லி அவள் ஞாபகப்படுத்தினாள். "மாட்டிட்டேன் தாயே," என்றான். பிறகு கேபிளை ஷெட்டின் உத்தரத்தில் கட்டி, கீழ்முனையில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டான். லிஃப்ட் கயிற்றை அப்படித்தான் இழுத்துப் பார்த்துவிட்டு அளப்பார்களாம். மூட்டைகள் மெல்லத் திரும்பித் திரும்பி ஆடின. குண்டு அசையவில்லை.

ஞாயிறு விடிந்தபோது கேபிள் வண்டியில் இருந்தது.

"நான் உள்ளே உக்காரப் போறேன்," என்றாள்.

"அக்கா, வேண்டாம். சொன்னாக் கேளு."

"நீ வாசல்ல நில்லு. கூப்பிட்டா வா."

ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. காலுக்கு மிதிகள் எட்டவில்லை. முன் கண்ணாடியில் அவர் துடைத்த கோடுகள் இன்னும் தெரிந்தன. மடியில் கையை வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவள் மாதிரி காத்திருந்தாள்.

கைப்பிடி சுற்றியது. கண்ணாடி இறங்கியது. குளிர் அவள் தோளில் வந்து மோதியது.

சப். சப். சப்.

இப்போது மூச்சும் கேட்டது. காதோரத்தில், இரைக்க இரைக்க, வயதான மனிதர் ஒருவர் ஓடுகிற மூச்சு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன தெரியும் என்பதைவிட, எதுவும் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தாள்.

கடக். கடக். கடக். கடக்.

கேபிள் விறைத்தது. சக்கரங்கள் இறுகின. கைபிரேக் இன்னும் ஒரு பல் ஏறப் பார்த்தது. அப்புறம் முடியவில்லை. முழு பலத்தோடு இழுக்கிற கை நடுங்குவதுபோல அது நடுங்கியது. இருக்கைக்கு அடியில் தகடுகள் முனகின.

பிடித்துக்கொண்டது.

அவள் அந்தக் கைபிரேக்கின்மேல் தன் கையை வைத்தாள். இரும்பின் வழவழப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஈரமான, குளிர்ந்த, விரல்முட்டி தெரிகிற ஏதோ ஒன்று இருந்தது. கையை எடுக்கவில்லை.

"நின்னுடுச்சுங்க," என்றாள். "பாருங்க. வண்டி நின்னுடுச்சு."

சப். சப்.

சப்.

ஓட்டம் நின்றது. மூச்சு மட்டும் வெகுநேரம் இரைத்தது. பிறகு அதுவும் தணிந்தது.

கையை எடுத்தபோது அவளுடைய உள்ளங்கை நனைந்திருந்தது. கைபிரேக்கைக் கீழே இறக்கப் பார்த்தாள். அசையவில்லை. தம்பி வந்து இரண்டு கையாலும் அழுத்தினான். எண்ணெய் விட்டான், தட்டினான். இம்மியும் நகரவில்லை. "இவ்வளவு நாளா நிக்கமாட்டேன்னு அழிச்சாட்டியம். இப்போ நகரமாட்டேன்னு அழிச்சாட்டியமா?" என்று வண்டியை உதைக்கக் காலைத் தூக்கியவன், யோசித்து மெதுவாகக் கீழே வைத்தான்.

*

மகள் பத்து மணிக்கு மேல் வந்தாள். பையை வைத்துவிட்டு நேராக ஷெட்டுக்குத்தான் போனாள்.

"கைபிரேக் இறங்கலையா? எங்கே தள்ளு மாமா." உட்கார்ந்து, கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினாள். கைபிரேக் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. "இதுக்கா ரெண்டு பேரும் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க?"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று அவள் பிற்பாடு பல நாள் யோசித்ததுண்டு. எந்த வார்த்தையில் தொடங்கியிருப்பாள்?

வண்டி சரிவில் இறங்கி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் கைபிரேக்கை இழுத்துவிட்டு, மிதிகளிலிருந்து காலை எடுத்து, இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள். தம்பி கட்டையை உருவினான்.

"கேட்டைத் திறக்கட்டுமா?" என்று அவன் கேட்டான்.

"நான் திறக்கறேன்," என்றாள் அக்கா.

வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பாதையில் நடந்தாள். காலடியில் சரளைக்கல் நொறுங்கியது. பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நெருங்குகிறதா, நின்ற இடத்திலேயே இருக்கிறதா என்று முதுகுத் தோல் முழுக்கக் காதாகிக் கேட்டது. தூணில் கீறலாக நின்ற சாம்பல் பெயின்ட்டைத் தொடாமல் தாழ்ப்பாளை விலக்கினாள். கேட்டைத் திறந்தாள். திரும்பினாள்.

வண்டி நின்ற இடத்தில் நின்றது.

சாவியைக் கேட்கவேண்டிய அவசியமே மகளுக்கு இருக்கவில்லை. அது வண்டியில்தான் இருந்தது. ஆனாலும் கேட் அருகே வந்ததும் நிறுத்தி, "தர்றியாம்மா?" என்று கேட்டாள். அவள் மகளின் கன்னத்தைத் தொட்டு, "கொண்டுபோ," என்றாள்.

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. தம்பி கருவிகளைத் துடைத்து அடுக்கினான். ஷெட்டில் ஒரு வாடையும் இல்லை. கூடத்தில் இருவரும் உட்கார்ந்து, சூடு ஆறாத சோற்றைச் சாப்பிட்டார்கள். முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவரை ஒருவழியாக நிறுத்தியாயிற்று. அப்படி நினைத்தபோது வந்த நிம்மதியில் ஒரு மூலை மட்டும் ஏனோ வெறிச்சென்று இருந்தது.

சாயங்காலம் போன் வந்தது.

"பாதி தூரம் வந்துட்டேம்மா. ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசறேன், கத்தாதே," என்றாள் மகள். பின்னால் மழை கொட்டுகிற சத்தம். "வண்டி சூப்பரா வருது. இந்தக் கண்ணாடிதான் எரிச்சலா இருக்கு. எத்தனை தடவை ஏத்தினாலும் தானா இறங்கிடுது. என் ஒரு பக்கத்துக் கை முழுக்க நனைஞ்சு போச்சு. மாமா இதைப் பாக்கவே இல்லையா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்புறம், மாமாகிட்ட இன்னொண்ணும் கேளு. டயர்ல ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கான்னு. இறங்கிப் பாத்துட்டேன், ஒண்ணும் காணோம். ஆனா வண்டி ஓடும்போது என் கதவு பக்கமா சப்பு சப்புன்னு ஒரு சத்தம் கூடவே வருது. வேகமாப் போனா வேகமா வருது. நிறுத்தினா நின்னுடுது. என்னம்மா? லைன்ல இருக்கியா?"

இருந்தாள்.

"கண்ணு," என்றாள். "மெதுவா ஓட்டு."

"மெதுவாத்தாம்மா ஓட்டறேன்."

"இன்னும் மெதுவா. அவ்வளவு வேகத்துக்கு அவரால..." நிறுத்திக்கொண்டாள். "அவசரம் ஒண்ணும் இல்ல. நடுவுல நடுவுல நிறுத்தி, கொஞ்சம் மூச்சு வாங்கவிட்டு அப்புறம் எடு."

"யாரும்மா? வண்டியையா?" மகள் சிரித்தாள். "சரி, சரி. வைக்கறேன்."

எஞ்சின் கிளம்புகிற சத்தம் கேட்டது. போனைத் துண்டிக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கைபிரேக் இறங்கியது. மழை. சக்கரம் ஈரச்சாலையில் நகர்கிற ஓசை.

பிறகு, முதலில் நடையாக, அப்புறம் ஓட்டமாக.

சப்.

சப். சப். சப்.